டிரெய்லருக்குப் பின்னாடி ஒரு கண்ணு

பஸ் ரிவர்ஸ் எடுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கண்டக்டர் இறங்கி பின்னாடி போய் நிப்பார். ஒரு கையால பாடியைத் தட்டிக்கிட்டே, "வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." அப்படின்னு ஒரே ராகத்துல சொல்லிக்கிட்டு இருப்பார். சுவர் நெருங்கினதும் "ஹோல்டான்!" லாரின்னா அந்த வேலை கிளீனருக்கு. டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பறார், ஆனா பின்பக்கத்துக் கண்ணு இன்னொருத்தரோடது.

அந்த இன்னொருத்தர் இல்லாதப்ப என்ன பண்றது? இந்த ஒரு கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல மனுஷன் பதில் தேடிக்கிட்டு இருக்கான். கைக்கண்ணாடியில ஆரம்பிச்சு, டிவி கேமரா வழியா, கடைசியில ஒரு சட்டத்துல போய் முடிஞ்ச கதை அது. முடிஞ்சதுன்னு சொன்னது தப்பு. ஒரு வண்டிக்கு அது இன்னும் முடியல. அந்த வண்டி, அமெரிக்காக்காரங்க காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற கேம்ப்பிங் டிரெய்லர். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

டிரெய்லர்னா நம்மூர் டிராக்டர் டிரெய்லரை நினைச்சுக்காதீங்க. இது சக்கரம் வெச்ச வீடு. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ள இருக்கும். இருபது அடி, முப்பது அடி நீளம். முன்னாடி ஒரு பிக்கப் வண்டி, அதோட பின்பக்கம் ஒரு இரும்புக் குண்டு, அந்தக் குண்டு மேல டிரெய்லரோட மூக்கு உட்கார்ந்திருக்கும். லீவு விட்டா காடு, மலை, ஏரின்னு இதை இழுத்துக்கிட்டு கிளம்பிடுவாங்க.

இதுவும் புதுப் பழக்கம் இல்ல. 1919-லயே புளோரிடா மாநிலம் டாம்பாவுல 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. காரையே கூடாரமா மாத்திக்கிட்டு ஊர் சுத்தற கோஷ்டி. வாலி பயம்னு ஒரு ஆள் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியை ஆரம்பிச்சு, 1936-ல 'கிளிப்பர்'னு ஒரு அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். ஏரோப்ளேன் மாதிரியே ரிவெட் அடிச்சு, பளபளன்னு. விலை 1,200 டாலர். அந்த உருவத்தை இன்னைக்கும் சினிமாவுல பார்க்கலாம்.

சரி, பின்னாடி பார்க்கிற கதைக்கு வருவோம்.

கைக்கண்ணாடி காலம்

டோரதி லெவிட்னு இங்கிலாந்துல ஒரு அம்மணி. பெண்கள் கார் ஓட்டறதையே வேடிக்கை பார்த்த காலத்துல பந்தயத்துல ஓட்டினவங்க. 1909-ல பெண்களுக்காக கார் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல ஒரு யோசனை: கைப்பையில வைக்கிற சின்னக் கண்ணாடியை வண்டியிலயும் வெச்சுக்குங்க, அப்பப்ப தூக்கிப் பிடிச்சா பின்னாடி வர்றது தெரியும்னு. எந்தக் கார் கம்பெனியும் அப்ப கண்ணாடி மாட்டித் தரல. மேக்கப்புக்கு வாங்கினதை வெச்சு ஒரு பொண்ணு கண்டுபிடிச்ச வழி இது.

அடுத்தது 1911, மே 30. முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம். அந்தக் காலத்துப் பந்தயக் கார்ல டிரைவர் பக்கத்துல ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்துச் சொல்றதும் அவர் வேலை. அதாவது பந்தயக் காரோட கிளீனர் :-) ரே ஹரூன் ஓட்டின 'மார்மன் வாஸ்ப்'ல ஒரே சீட்டுதான். மத்த டிரைவருங்க ஆட்சேபம் பண்ணாங்க, பின்னாடி பார்க்க ஆள் இல்லாம எப்படி ஓட்டலாம், ஆபத்தாச்சேன்னு. ஹரூன் எட்டு அங்குல நீளத்துல ஒரு கண்ணாடியை முன்னால மாட்டிக்கிட்டு வந்து நின்னார். மணிக்கு சராசரி 74.6 மைல் வேகத்துல, ஆறே முக்கால் மணி நேரம் ஓட்டி, அவர்தான் ஜெயிச்சார்.

இதுல வேடிக்கை என்னன்னா, செங்கல் பாவின அந்தப் பாதையில கண்ணாடி கடகடன்னு ஆடினதுல தனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு ஹரூனே பின்னாடி சொல்லியிருக்கார். இந்த யோசனையும் சொந்தமா வந்தது இல்லையாம். அதுக்கு முன்னாடி சிகாகோவுல ஒரு குதிரை வண்டிக்காரர் கண்ணாடி மாட்டியிருந்ததைப் பார்த்துத்தான் தோணிச்சாம். பேர் தெரியாத ஒரு குதிரை வண்டிக்காரர்!

1921-ல எல்மர் பெர்கர்ங்கிறவர் கார்ல மாட்டற கண்ணாடிக்கு பேட்டன்ட் வாங்கினார். அதை என்ன சொல்லி வித்தாங்க தெரியுமா? 'காப் ஸ்பாட்டர்'. பின்னாடி போலீஸ் வர்றானான்னு பார்க்கிற கண்ணாடி. பாதுகாப்புன்னு சொன்னா யார் வாங்குவா, ஹி ஹி.

இந்த மூணு பேரையும் வரிசையா வெச்சுப் பாருங்க. முதல்ல ஓட்டறவங்க கையில கிடைச்சதை வெச்சு ஒரு வழி பண்ணிக்கிறாங்க. அப்புறம் யாரோ அதைச் சரக்காக்கி விக்கிறாங்க. சட்டம் எல்லாருக்கும் பின்னாடி, ஆற அமர வருது. இந்த வரிசையை மனசுல வெச்சுக்குங்க, கேமராவுலயும் இதேதான் நடந்தது.

கண்ணாடிக்கு எட்டாத இடம்

காருக்குக் கண்ணாடி போதும்னு ரொம்ப நாள் ஓட்டிட்டாங்க. டிரெய்லரைக் கட்டினா கதை வேற. உள்ள இருக்கிற கண்ணாடியில தெரியறது டிரெய்லரோட முன்சுவர் மட்டும்தான். வெளிக் கண்ணாடியும் பத்தாது, ஏன்னா டிரெய்லர் இழுக்கிற வண்டியை விட அகலம், எட்டு எட்டரை அடி வரைக்கும் வரும். அதனால நீளக் கை வெச்ச எக்ஸ்ட்ரா கண்ணாடியை ரெண்டு பக்கமும் மாட்டிக்குவாங்க. அதுல டிரெய்லரோட பக்கவாட்டு தெரியும். ஆனா நேர் பின்னாடி இருக்கிற இடம்? எவ்வளவு நீளக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஒளி வளைஞ்சு வராதே.

போதாததுக்கு ரிவர்ஸ்ல டிரெய்லர் தலைகீழாத் திரும்பும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிச்சா டிரெய்லரோட வால் இடப்பக்கம் போகும். பழைய ஆளுங்க புதுசா ஓட்டறவங்களுக்கு ஒரு தந்திரம் சொல்லித் தருவாங்க: ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கோ, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. கொஞ்சம் அதிகமாப் போச்சுன்னா வண்டியும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கும்.

டிவி வெச்ச கார்

1956-ல ஜெனரல் மோட்டார்ஸ் 'ப்யூக் செஞ்சுரியன்'னு ஒரு கண்காட்சிக் காரைக் காட்டினாங்க. கூரை முழுக்க கண்ணாடிக் குமிழ். பின்பக்க வால்ல டிவி கேமரா, டேஷ்போர்டுல டிவி ஸ்கிரீன். ரியர் வியூ கண்ணாடியே கிடையாது. வாய் பிளந்து பார்த்தாங்க, ஆனா விக்கல. வால்வு போட்ட டிவி கேமரா அன்னைக்கு இருந்த சைஸுக்கும் விலைக்கும் யார் வாங்க முடியும்? 1972-ல வால்வோ ஒரு சோதனைப் பாதுகாப்புக் கார்ல பின்பக்கக் கேமரா வெச்சாங்க. அதுவும் கண்காட்சியோட சரி.

கதையை மாத்தினது ஒரு சில்லு. 1969-ல பெல் லேப்ஸ்ல வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ரெண்டு பேரும் சி.சி.டி.யைக் கண்டுபிடிச்சாங்க. 2009-ல இதுக்காக நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. கேமரா கட்டைவிரல் அளவுக்குச் சுருங்க இதுதான் ஆரம்பம். 1991-ல டொயோட்டா, ஜப்பான்ல வித்த சோரர் கார்ல பின்பக்க ஸ்பாய்லர்ல ஒரு சி.சி.டி. கேமரா வெச்சாங்க. அமெரிக்காவுக்கு இது வந்தது இன்ஃபினிட்டி க்யூ45 காரோட 2002 மாடல்ல. ரெண்டுமே பணக்காரங்க கார். அன்னைக்கு கேமராவை சொகுசுச் சாமானாத்தான் நினைச்சாங்க. தோல் சீட்டு, சன்ரூஃப் மாதிரி அதுவும் ஒண்ணு.

கேமரன்

அதே 2002, அக்டோபர் மாசம். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட். ராத்திரி நேரம். ஒரு குழந்தைகள் டாக்டர் வீட்டு வாசல்ல தன்னோட வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார். கண்ணாடிகளைப் பார்த்தார், திரும்பியும் பார்த்தார். பண்ண வேண்டியது எல்லாம் பண்ணார். ரெண்டு வயசுப் பையன் கேமரன் வீட்டை விட்டு வெளிய வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னது எதுலயும் தெரியல. குழந்தையோட உயரம் பின்பக்க ஜன்னலுக்குக் கீழ. அவ்வளவுதான்.

ஊர்க் குழந்தைகளையெல்லாம் காப்பாத்தற டாக்டர், தன் கையாலயே... எழுதவே கை வரல. ஆனா அந்த அப்பா வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கல. வாஷிங்டனுக்கு நடந்தார். மத்த பெற்றோர்களோட சேர்ந்து வருஷக் கணக்குல நடந்தார். 2008 பிப்ரவரி 28-ஆம் தேதி ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டார். சட்டத்தோட பேரே 'கேமரன் குல்பிரான்சென் குழந்தைகள் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம்'.

கையெழுத்தாயிட்டா ஆச்சா? மூணு வருஷத்துக்குள்ள விதிமுறை எழுதணும்னு சட்டத்துலயே இருந்தது. 2011 வந்தது, போச்சு. தள்ளி வெச்சாங்க. மறுபடி தள்ளினாங்க. 2013 செப்டம்பர்ல அந்த அப்பாவும் சில அமைப்புகளும் அரசாங்கத்து மேலயே கேஸ் போட்டாங்க. கோர்ட்டுல வாதம் நடக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், 2014 மார்ச் 31, விதிமுறை வெளிய வந்தது! இந்த மாதிரி 'கரெக்ட்டான நேரம்' எல்லா ஊர் அரசாங்கத்துக்கும் தெரிஞ்சிருக்கு.

என்.ஹெச்.டி.எஸ்.ஏ.ன்னு சொல்ற அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு அப்ப கொடுத்த கணக்கு: ரிவர்ஸ்ல வர்ற வண்டி மோதி வருஷத்துக்கு சராசரியா 210 சாவு, 15,000 பேருக்குக் காயம். செத்தவங்கள்ல 31 சதவீதம் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. 26 சதவீதம் எழுபது வயசு தாண்டினவங்க. கேமரா வைக்க எவ்வளவு செலவு? ஏற்கெனவே ஸ்கிரீன் இருக்கிற வண்டிக்கு 43-லிருந்து 45 டாலர். எல்லாமே புதுசா வெச்சா 132-லிருந்து 142 டாலர். பன்னெண்டு வருஷ இழுத்தடிப்பு இந்தக் காசுக்குத்தான்.

2018 மே 1-லிருந்து அமெரிக்காவுல தயாரிச்சு விக்கிற 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புது வண்டி எல்லாத்துலயும் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னாடி பத்தடிக்கு இருபதடி இடம் தெரியணும், ரிவர்ஸ் போட்ட ரெண்டு நொடிக்குள்ள படம் வரணும்.

சட்டம் நின்ன இடம்

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த 2008 சட்டத்துல, எந்தெந்த வண்டிக்கு இது பொருந்தாதுன்னு ஒரு வரி இருக்கு. மோட்டார்சைக்கிள், 10,000 பவுண்டுக்கு மேல உள்ள வண்டி, அப்புறம்... டிரெய்லர்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. பிக்கப்புல சட்டப்படி கேமரா இருக்கு. டிரெய்லரைக் கட்டின அந்த நிமிஷம் அந்தக் கேமரா டிரெய்லரோட மூக்கைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும். குண்டுல கொக்கி மாட்ட உபயோகப்படும், அத்தோட சரி. மறைக்கிற நீளம் முப்பதடி கூடிடுச்சு, கண்ணு பூஜ்யம் ஆயிடுச்சு. அதுவும் இந்த வண்டி ரிவர்ஸ் எடுக்கிற இடம் எது? கேம்ப்கிரவுண்ட். குழந்தைங்க சைக்கிள் விடற, சாயங்காலம் இருட்டின நேரத்துல எல்லாரும் நடமாடற இடம்.

இன்னொண்ணு. அகலமான டிரெய்லரோட பின்பக்கம் உச்சியில நடுவுல மூணு சிவப்பு விளக்கு வரிசையா இருக்கும். அது சட்டப்படி இருந்தே ஆகணும். டிரெய்லரை மத்தவங்க பார்க்கறதுக்கு சட்டம் விளக்கு வெச்சது. டிரெய்லர் மத்தவங்களைப் பார்க்கறதுக்குக் கண்ணு வைக்கல.

அதனால டிரெய்லர்காரங்க இன்னைக்கும் டோரதி லெவிட் காலத்துலதான் இருக்காங்க. கையில கிடைச்சதை வெச்சு அவங்களே பண்ணிக்கணும்.

ஒயர் இழுக்கிற வேலை

டெக்சாஸ்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் 26 அடி டிரெய்லர் வெச்சிருக்கார். கேமரா இல்லாத காலத்துல அவர் மனைவிதான் கண்டக்டர். பின்னாடி நின்னு போன்ல சொல்வாங்க.

"ஏங்க, லெஃப்ட்ல ஒடிங்க."

"எந்த லெஃப்ட்டும்மா? என் லெஃப்ட்டா, உன் லெஃப்ட்டா?"

"டிரெய்லரோட லெஃப்ட்டுங்க!"

ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டுலயும் இதான் மாலை நேரக் கச்சேரி. கடைசியில ஒயர் கேமரா மாட்டறதுன்னு முடிவு பண்ணார். ஏன் ஒயர்லெஸ் வாங்கலைன்னு கேட்டேன். பழைய அனலாக் ஒயர்லெஸ்ல பக்கத்து வண்டிக்காரன் கேமராப் படம் நம்ம ஸ்கிரீன்ல வந்து நிக்குமாம். இப்ப வர்ற டிஜிட்டல்ல அந்தக் கூத்து இல்ல, ஆனா அலுமினியச் சுவர் எல்லாம் தாண்டி சிக்னல் வரணும், நடுவுல நின்னு நின்னு வரலாம். மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல நகர்ற வண்டி அரை நொடியில ரெண்டடிக்கு மேல போயிடும். படம் அரை நொடி லேட்டா வந்தா, அந்த ரெண்டடியில யார் நிக்கறாங்களோ அவங்க கதி? ஒயர்ல அந்தக் கவலை இல்ல.

வேலை இப்படி. கேமரா போற இடம் அந்த மூணு சிவப்பு விளக்குக்குப் பக்கத்துல, உச்சியில. அங்க ஏற்கெனவே விளக்குக்கு 12 வோல்ட் ஒயர் வந்திருக்கு, அதுலயே கேமராவுக்கும் கரண்ட் எடுத்துக்கலாம். இதுல ஒரு லாபம்: ரிவர்ஸ் லைட் ஒயர்ல கொடுத்தா ரிவர்ஸ்ல மட்டும்தான் படம் வரும். இந்த விளக்கு ஒயர்ல கொடுத்தா லைட் போட்டிருக்கிற வரைக்கும், ஹைவேல ஓடும்போதும் பின்னாடி வர்றவன் தெரிவான். ஆனா பகல்லயும் லைட்டைப் போட்டுத்தான் ஓட்டணும்.

வீடியோ ஒயர் டிரெய்லரோட அடியில, சேஸிஸை ஒட்டி முன்னாடி வரைக்கும் வரணும். சக்கரத்துக்கும் அச்சுக்கும் எட்டாம ரெண்டடிக்கு ஒரு கிளிப். தகட்டுல ஓட்டை போட்ட இடத்துல எல்லாம் ரப்பர் வளையம், இல்லைன்னா ஓட ஓட தகடு ஒயரை அறுத்துடும். மேல போட்ட ஓட்டைக்கு சீலன்ட் தாராளமாப் பூசணும். டிரெய்லருக்கு எமன் மழைத்தண்ணி. ஒரு ஊசி ஓட்டை போதும், ரெண்டு வருஷத்துல உள்ள மரம் உளுத்துப் போயிடும்.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவுல ஏற்கெனவே ஏழு பின் பிளக் ஒண்ணு இருக்கு. விளக்கு, பிரேக், சார்ஜ், எர்த், ரிவர்ஸ்னு ஏழும் நிரம்பிடும். படத்துக்கு அதுல இடமே இல்ல. அந்தப் பிளக்கை வகுத்தவங்க டிரெய்லர்லேர்ந்து படம் வரும்னு நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. அதனால தனியா நாலு பின் பிளக், பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் கேபிள். திரும்பும்போது நீளணும், நேரா வந்ததும் சுருங்கணும், தரையில உரசக் கூடாது. டேஷ்போர்டுல ஏழு அங்குல ஸ்கிரீன்.

கடைசியா ஒரு விஷயம். பின்னாடி பார்க்கிற கேமராவோட படம் கண்ணாடியில தெரியற மாதிரி இடவலமா மாறி வரணும். நிறைய கேமராவுல ஒரு சின்ன ஒயர் வளையம் இருக்கும், அதை வெட்டினாலோ விட்டாலோ படம் மாறும். மாட்டினதும் ஒரு ஆளை ஒரு பக்கம் நிக்க வெச்சு, ஸ்கிரீன்லயும் அதே பக்கம்தானான்னு பார்த்துட்டுத்தான் மூடணும். நண்பர் மனைவி போய் நின்னு கையாட்டினாங்க. "இது எந்த லெஃப்ட்டுங்க?"ன்னு அங்கேர்ந்து ஒரு சத்தம் :-)

அடுத்த படி

கம்பெனிக்காரங்க ரெண்டாவது படிக்கு வந்துட்டாங்க. ஃபோர்டு 2017 சூப்பர் டியூட்டி பிக்கப்புல டிரெய்லர்ல நாமே மாட்டிக்கிற கேமராவையும் சேர்த்து ஏழு கேமரா வரைக்கும் கொடுத்தாங்க. 2020 ஜி.எம்.சி. சியாரா ஹெச்.டி.யில ரெண்டு கேமராப் படத்தைச் சேர்த்து, டிரெய்லரே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற மாதிரி காட்டினாங்க. டிரெய்லர் கம்பெனிகள் சிலதும் கேமராவுக்கு ஒயரை மட்டும் முன்கூட்டியே இழுத்து விட்டிருக்காங்க. எல்லாமே காசு இருக்கிறவங்களுக்கு. 2002-ல இன்ஃபினிட்டி நின்ன அதே இடம்.

மூணாவது படி சட்டம். கார்ல அந்தப் படி ஏற ஒரு குழந்தையோட பேர் தேவைப்பட்டது. டிரெய்லருக்கும் ஒரு பேர் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கணுமான்னுதான் எனக்குக் கேக்கத் தோணுது. வருஷா வருஷம் இத்தனை லட்சம் டாலர்னு பெருக்கிக் கணக்குக் காட்டுவாங்க. காட்டட்டும். மூணு விளக்கு வைக்கச் சொன்ன அதே விதி, அதே உச்சியில ஒரு கேமராவுக்கு ஒயரும் பிளக்கும் மட்டுமாவது வைக்கச் சொல்லலாம். மாட்டறவங்க மாட்டிக்குவாங்க.

டிரெய்லர்காரங்களுக்குள்ள ஒரு பழைய பாடம் உண்டு: சந்தேகம் வந்தா இறங்கிப் போய்ப் பாரு. கேமரா மாட்டினப்புறமும் நண்பர் அதை விடல. லென்ஸ்ல சேறு ஒட்டியிருக்கும், வெயில் நேரா அடிக்கும், மரக்கிளை மேல இருக்கும். அதனால நிறுத்திட்டு ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கறார்.

உங்கள்ல யாராவது டிரெய்லர் இழுக்கிறவங்க, இல்ல கன்டெய்னர் லாரி ஓட்டறவங்களைத் தெரிஞ்சவங்க இருந்தா, அவங்க பின்னாடி பார்க்க என்ன வழி வெச்சிருக்காங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. சிகாகோ குதிரை வண்டிக்காரர் மாதிரி, பேர் தெரியாத யாரோ ஒருத்தர்கிட்டதான் அடுத்த நல்ல யோசனை இருக்கும்.